44 பல்லுக்குப் பாகப்பிரிவினை

1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்து இறங்கினார். அப்போது அவர் நவாபும் இல்லை, கிவாபும் இல்லை; மைசூர் அரண்மனையில் சம்பளம் வாங்கும் ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு மட்டும் அபாரமாக வரும், அதிலும் பொய்க்கணக்கு. அதை எழுதிக் கொடுக்கக் காண்டே ராவ் என்ற கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார். வந்த வேலை, பழனி, விருப்பாச்சிப் பாளையக்காரர்களிடம் நிலுவையை வசூலிப்பது. ஹைதர் சிநேகிதம் கொண்டாடிக்கொண்டே மலையடிவாரம் வரை போனார். கண்ணில் பட்ட மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் திரும்பினார். அந்த மாடுகளை அவற்றின் சொந்தக்காரர்களுக்கே நல்ல விலைக்கு விற்றார். பிறகு தலைமையிடத்துக்கு ஒரு கடிதம் போனது: கடும் சண்டை, ஏகப்பட்ட பேருக்குக் காயம், வைத்தியச் செலவுக்குப் பணம் தேவை.

காயம்பட்டவர்களைக் கண்ணால் பார்க்க அரண்மனை ஓர் அதிகாரியை அனுப்பியது. உண்மையில் அடிபட்டவர்கள் 67 பேர். அதிகாரி முன்னால் வந்து நின்றவர்களோ 700 பேர். கையிலும் காலிலும் மஞ்சள் தண்ணீரில் தோய்த்த கட்டு. இதை எழுதிவைத்தவர் கும்பினி கர்னல் மார்க் வில்க்ஸ். எதிர்க்கட்சிக்காரர் எழுத்து, கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். ஆனாலும் பயணப்படி பில் ஒன்றையாவது பார்த்திருப்பவர்களுக்கு இதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை.

எனக்கு அந்த 700 பேரைவிட மாட்டுக்காரர்கள் மேல்தான் அக்கறை. தன் மாட்டைத் தானே விலைகொடுத்து வாங்க வந்த விருப்பாச்சி சம்சாரி முதலில் என்ன செய்திருப்பார்? சந்தேகமே வேண்டாம், வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஹைதர் என்ன தானமா கொடுத்தார்?

திண்டுக்கல் சரித்திரத்தில் ஓலையையும் கடிதத்தையும் நம்பியவர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். மாட்டுப் பல்லை நம்பியவர்கள் ஏமாந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே இந்த ஊர்ச் சரித்திரத்தை ராஜாக்களை விட்டுவிட்டு வாயிலிருந்து தொடங்குவதே முறை.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. தரகர் ஆட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். பெரிய பல் இரண்டு எட்டிப் பார்த்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. நாலு பல் என்றால் இரண்டு வயது, ஆறு பல் என்றால் மூன்று, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு. அதற்குமேல் வயது கேட்பது மரியாதையில்லை. மாடு இதையே இன்னும் கொஞ்சம் சாவகாசமாகச் செய்யும். முதல் ஜோடி முளைக்கவே இரண்டு வயது ஆகிவிடும். எல்லாரும் கீழ்வாயை மட்டும் பார்ப்பதற்குக் காரணம், மேலே பார்க்க ஒன்றுமில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்வாயில் முன்பல் கிடையாது, தடித்த ஈறுதான். இது தெரியாத பட்டணத்து ஆள் ஒருவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, பல்லே கொட்டிப்போன கிழட்டு ஆட்டைத் தலையில கட்டப் பாக்குறீங்க?” என்று கேட்டால், அன்றைக்கு அவரிடம் என்ன விலையும் சொல்லலாம்.

மேல்வாயின் முன்பல் எங்கே போயிற்று? அதற்குப் பூர்வீகச் சொத்துக் கதை தெரியவேண்டும்.

முதலைக்கும் சுறாவுக்கும் பல் ஒரு பொருட்டே இல்லை. விழ விழ முளைக்கும். ஆயுள் முழுக்க உற்பத்தி. ஏறத்தாழ 20 கோடி வருஷத்துக்கு முன்னால் மார்கனுகோடான் என்று ஒரு சுண்டெலிப் பிராணி இருந்தது. வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் அதன் பற்கள் ஏராளமாகக் கிடைத்தன. இதன் வம்சம் ஊதாரித்தனத்தை நிறுத்தியது: பால்பல் ஒரு தடவை, நிலைப்பல் ஒரு தடவை, அதோடு சரி. குட்டிக்குத்தான் தாய்ப்பால் இருக்கிறதே, பிறந்தவுடன் பல் எதற்கு? தாடை வளர்ந்து நிலைக்கும்வரை காத்திருந்து, மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்படி முளைக்கவிட்டால், வெறுமனே கவ்வி விழுங்காமல் மென்று தின்னலாம். முதலையால் மெல்ல முடியாது. முறுக்கு என்ற பலகாரமே பாலூட்டிகளுக்காக ஏற்பட்டது.

இந்தக் காலத்தில்தான் தாடையிலும் ஒரு பங்குச் சண்டை. ஊர்வனவற்றுக்குக் கீழ்த்தாடை பல எலும்புகள் சேர்ந்தது. பாலூட்டிகளில் ஒரே எலும்பு மொத்தத் தாடையையும் எழுதி வாங்கிக்கொண்டது. மூட்டில் இருந்த இரண்டு சின்ன எலும்புகள் வீட்டைவிட்டு வெளியேறிக் காதுக்குள் குடிபோயின. சுத்தியெலும்பு, பட்டடையெலும்பு என்று எட்டாம் வகுப்பில் படித்தது அவற்றைத்தான். நம் பாட்டன்களுக்கு முந்திய பாட்டன்கள் எதைவைத்துக் கடித்தார்களோ, அதைவைத்து நாம் ஊர்வம்பு கேட்கிறோம்.

இந்தியாவிலும் இந்த வம்சத்துக்குப் பழைய பட்டா உண்டு. தெலங்கானாவின் நாஸ்கல் கிராமத்தில் கிடைத்த டெக்கனோலெஸ்டெஸ் என்ற பாலூட்டியின் பற்களை ஆய்வாளர்கள் பிரசாதும் சாஹ்னியும் 1988-ல் உலகுக்குச் சொன்னார்கள். வயது ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல். திண்டுக்கல்லில் ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். நம் மலைக்கோட்டைப் பாறை பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய சரக்கு. அதற்குள் எலும்பைத் தேடுவது வெட்டி வேலை.

சரி, சொத்துக்கு வருவோம். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் மூதாதை விட்டுப்போனது மொத்தம் 44 பல். ஒவ்வொரு பக்கமும், மேலும் கீழும், வெட்டுப்பல் மூன்று, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய் நாலு, பின்கடைவாய் மூன்று. பாகப்பிரிவினையில் அவரவர் குணம் தெரிந்துபோயிற்று. பூனை 30-ஐ வைத்துக்கொண்டு கறி வெட்டப் பழகியது. நாய் 42-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எலிக்கு 16, ஆனால் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் நம் வீட்டு ஒயரைக் கடிக்கிறது. அழுங்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பொக்கைவாயோடு நாக்கை நீட்டி எறும்பு தின்னப் போய்விட்டது. ஆடு, மாடு, மனிதன் மூவருக்கும் 32, ஆளுக்கொரு விதமாக அடுக்கியது. 44-ல் ஒன்றுகூடக் குறையாமல் மூதாதை சொத்தை முழுசாகக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? பன்றி. வம்சப் பெருமை பேசும் குடும்பங்கள் இதைச் சிந்திக்கலாம்.

சொத்தைப் புத்தியோடு மாற்றிக் கட்டியது தேவாங்கு. கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் இரவில் பெரிய கண்ணோடு கிளையில் ஊரும் பிராணி. 2022-ல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை அதற்கென்று சரணாலயமாக்கியது. தேவாங்குக்கு இந்தியாவில் இதுவே முதல் சரணாலயம். அதன் கீழ்வாயில் முன்பல் நாலும் கோரைப்பல் இரண்டும் முன்னால் சாய்ந்து, இடைவெளியோடு வரிசையாக நிற்கும். அது சீப்பு. சும்மா வர்ணனைக்குச் சொல்லவில்லை; ரோமத்தை வாரிக்கொள்வதே அதைவைத்துத்தான். அழகுநிலையச் செலவு மிச்சம்.

மாடு தன் மேல்முன்பல்லை எதற்கு விற்றது என்றால், நாக்கை வாங்குவதற்கு. புல்லை நாக்கால் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் வைத்து ஒரு வெட்டு இழுப்பு. மெல்லும் வேலையெல்லாம் கடைவாய்க்கு, அதுவும் பிறகு, நிழலில் படுத்துக்கொண்டு. கோரைப்பல்லையும் மேல்வாயிலிருந்து எடுத்துவிட்டது. சண்டைக்குக் கொம்பு இருக்கிறதே. காட்டில் பொதுவாக இதுதான் ஏற்பாடு: கொம்பு வேண்டுமா, கோரைப்பல் வேண்டுமா, ஒன்றைச் சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமான் கொம்பு வேண்டாம் என்றது. கிடாவுக்கு மேலிருந்து கோரைப்பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கேளையாடு மட்டும் யாரையோ சரிக்கட்டி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. நம் தெருக்கூத்து அசுரனுக்கு மாட்டுக்கொம்பும் புலிப்பல்லும் சேர்த்து மாட்டுகிறார்களே, அது கேளையாட்டு ஜாதி. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இலைதழை தின்று பிழைக்கும்.

குதிரை விஷயத்தில்தான் நம் முன்னோர்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: இந்த ராஜாக்கள் வருஷத்துக்கு 2,000 குதிரைக்குமேல் கடல்வழியே வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100-கூட மிஞ்சுவதில்லை. லாடக்காரனும் இல்லை, வைத்தியனும் இல்லை. வந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வரவிடுவதும் இல்லையாம். இதெல்லாம் போகட்டும். குதிரைக்கு என்ன தீனி போட்டார்கள் என்கிறார் தெரியுமா? சோறும் கறியும் சேர்த்து வேகவைத்தது.

நண்பர்களே, அதற்கு என்ன பெயர் என்று திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகசாமி நாயுடு 1957-ல் தலைப்பாகையோடு பிரியாணிக் கடைக் கல்லாவில் உட்காருவதற்கு 650 வருஷத்துக்கு முன்பே பாண்டியன் லாயத்தில் பந்தி நடந்திருக்கிறது, சாப்பிட்டவர்கள் அரபிக் குதிரைகள். சீரகச் சம்பா போட்டார்களா என்று போலோ எழுதவில்லை.

குதிரைப் பல்லைப் பார்த்திருந்தாலே போதும், இந்தப் பாவம் நடந்திருக்காது. அதன் கடைவாய்ப்பல் ஈறுக்குள் ஆழமாக இறங்கிய நெட்டைப் பல். புல்லில் சிலிக்கா இருக்கிறது, ஒட்டிய மண் வேறு. மேலே தேயத் தேய அடியிலிருந்து மெல்ல மேலேறி வந்துகொண்டே இருக்கும். அப்படி நாளெல்லாம் அரைப்பதற்காக ஏற்பட்ட ஆலையில் குழைந்த சோற்றைப் போட்டால்? வயிறு அதைவிட மோசம். குதிரையால் வாந்தி எடுக்கக்கூட முடியாது. சிறுமலைக்காரர்கள் பாண்டியனைவிடக் கெட்டிக்காரர்கள். மலையிலிருந்து வாழைத்தாரும் காய்கறி மூட்டையும் சுமந்து இறங்கும் தங்கள் குதிரைகளுக்குப் புல்லைக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள். பொங்கல் சமயத்தில் அவற்றுக்கு மரியாதையும் செய்கிறார்கள். அந்தக் குதிரைக்குக் காலில் இருப்பது ஒரே விரல், நடுவிரல். நான்கு காலிலும் அதைக் காட்டிக்கொண்டேதான் மலையேறி இறங்குகிறது, பாண்டியனை நினைத்தோ என்னவோ.

1792-ல் திப்பு கையெழுத்துப் போட, திண்டுக்கல் கும்பினிக்குப் போனது. இங்கே இவர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, 1795-ல் ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் புகுந்து, அந்நாட்டுத் தலைவரின் அருங்காட்சிப் பொருள்களை அள்ளிப் பாரிசுக்கு ஓட்டிவிட்டது. ஹைதராவது திருடிய மாட்டை உரியவனுக்கே விற்றார். இவர்கள் அதுகூடச் செய்யவில்லை. மூட்டையில் ஓர் இலங்கை யானை மண்டையோடு, நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த ஆப்பிரிக்க யானை மண்டையோடு. ஜார்ஜ் குவியே என்ற 26 வயதுப் பையன் இரண்டின் கடைவாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நம் யானைப் பல்லில் மேடுகள் நெருக்கமான பட்டைகளாக ஓடுகின்றன. ஆப்பிரிக்க யானைக்கு வைரக்கட்டம் வைரக்கட்டமாக இருக்கிறது. இரண்டும் வேறுவேறு இனம், சைபீரியாவில் கிடைக்கும் மாமதம் மூன்றாவது, அது இப்போது பூமியில் இல்லை என்று 1796-ல் அறிவித்துவிட்டான். ஓர் உயிரினம் அடியோடு அழிந்துபோக முடியும் என்பதே அதுவரை பலரும் ஏற்காத சங்கதி. அதை நிரூபிக்க வேண்டியிருந்தது கொள்ளைச் சரக்கில் இருந்த சில பற்கள்தான். அய்யலூர்த் தரகருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

யானைக்குக் கடைவாயில் ஆறு செட். ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தேய்ந்து, உடைந்து விழும். கடைசி செட்டும் தேய்ந்தால் அறுபது வயதை ஒட்டி, காடு நிறையத் தழை இருக்க, மெல்ல வழியில்லாமல் மெலிந்து சாகும். அதன் தந்தம் கோரைப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அது மேல்வாய் வெட்டுப்பல். பிள்ளையார் பாரதம் எழுத ஒடித்ததும் அதைத்தான், பல்வைத்தியரிடம் போகாமலே.

இனி எலும்பு. தை மாதம் கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் வாடிவாசல் திறந்ததும் பையன்கள் பாய்ந்து கட்டிக்கொள்வது எதை? திமிலை. அதற்குள் எலும்பே கிடையாது, தசையும் கொழுப்பும்தான். ஓர் எலும்புப் பிடிமானமாவது கொடுத்திருக்கலாம், இயற்கை மாட்டின் கட்சி. ஆனால் திமிலுக்கு அடியில் முதுகெலும்பின் முள் சிலவற்றில் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். குழியில் கிடைத்த எலும்பு திமில் மாட்டுடையதா என்று தொல்லியல்காரர்கள் அதைவைத்துத்தான் சொல்கிறார்கள். கொடைக்கானல் கடைத்தெருவில் கூச்சமில்லாமல் உலாவும் காட்டுமாட்டுக்கு முதுகில் தூக்கி நிற்கும் மேடு வேறு கதை. அது அசல் எலும்பு, நீண்டு வளர்ந்த முள்ளெலும்புகள். செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எட்டி நின்று கவனிக்கவும்.

கடைசியாக ஆட்டுக்கால். பாயாவை வழித்து உறிஞ்சும் நாம், ஆட்டின் முழங்கால் என்று முன்னங்காலில் காட்டுவது அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவது குதிகால். இவற்றுக்குக் கீழே நீளமாக ஒற்றை எலும்பு, முன்னங்காலில் நம் உள்ளங்கை எலும்பு இரண்டும், பின்னங்காலில் பாத எலும்பு இரண்டும் ஒட்டி ஒன்றானது. ஆடு பிறந்ததிலிருந்து விரல்நுனியிலேயே நடக்கிறது. நாம்தான் அதைக் கால் என்று வாங்கி, கையின் பாதியைச் சேர்த்துச் சாப்பிடுகிறோம்.

பின்னங்கால் கணுவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. அஸ்ட்ராகலஸ். மேலே ஓர் உருளைப் பள்ளம், கீழே ஓர் உருளைப் பள்ளம், இரண்டு முனையிலும் கப்பிச் சக்கரம். இரட்டைக் குளம்பு ஜாதிக்கு மட்டும் உள்ள அடையாளம். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் உண்டு, வேறு எவருக்கும் கிடையாது. கிரேக்கரும் ரோமரும் இதையே உருட்டிச் சூதாடினார்கள்.

திமிங்கிலம் யார் வீட்டுப் பிள்ளை என்று நூறு வருஷத்துக்குமேல் பஞ்சாயத்து நடந்தது. ஓநாய்ச் சாயல்கொண்ட ஒரு பழைய மாமிசப் பட்சிணி வம்சம் என்று ஃபிலிப் கிஞ்செரிச் உள்படப் பெரிய தலைகள் நம்பினார்கள். 2001-ல் அதே கிஞ்செரிச், பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானில் கிடைத்த, காலுள்ள பழந்திமிங்கிலங்களின் கணுவெலும்பை வெளியிட்டார். வயது 4.7 கோடி வருஷம். இரண்டு முனையிலும் கப்பி! ஓநாயாவது ஒன்றாவது, திமிங்கிலம் நம் ஆட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மனுஷர் தன் பழைய கட்சியைக் கைவிட்டார். அரசியலில் இருந்திருந்தால் அமைச்சராகியிருப்பார்.

மிச்சத்தை முடித்தது நம் ஆள். ஏ. ரங்கராவ் என்ற நிலவியலாளர் ஜம்முவின் காலாகோட்டில் கல் கல்லாகச் சேர்த்து, அதில் ஒரு பிராணிக்கு 1971-ல் இண்டோஹையஸ் என்று பெயரும் வைத்தார். பாதிக் கற்கள் உடைக்கப்படாமலே அவர் காலமானார். அவர் மனைவி அந்தக் குவியலை அமெரிக்காவிலிருந்த தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். அங்கே ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்கையில் தவறிக் காதெலும்பு உடைந்தது. உள்சுவர் தடித்திருந்தது; திமிங்கிலங்களுக்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்த அடையாளம். சருகுமான் அளவுள்ள, தண்ணீரில் ஒளிந்து பிழைத்த ஒரு குட்டிக் குளம்பு ஜாதிதான் திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு என்று 2007-ல், ரூர்க்கியின் சுனில் பாஜ்பாயையும் சேர்த்துக்கொண்டு, கட்டுரை வந்தது. திமிங்கில உறவுக்காரன் கடலுக்குப் போய்ப் பின்னங்காலையே தொலைத்தான். சிலர் 44 பல்லையும் விட்டுவிட்டு வாயில் சல்லடை மாட்டிக்கொண்டார்கள். கழுத்தெலும்பு மட்டும் இன்றும் ஏழுதான், ஆட்டுக்கும் நமக்கும் இருக்கும் அதே ஏழு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் பின்னந்தொடை வாங்கும்போது, கணுமூட்டை வெட்டாமல் முழுசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வேகவைத்துக் கழற்றினால் அந்த இரட்டைக் கப்பி எலும்பு கையில் வரும். நாய்க்குப் போடாமல் கழுவிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாயம் உருட்டலாம், திமிங்கிலத்தின் ஜாதிச் சான்றிதழும் வீட்டில் இருக்கும்.